தேநீர் அறையின் வாசல்

அலுவலகத்தில் அவளுக்கு 'வணங்காமுடி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், நேரில் சொல்ல யாருக்குத் தைரியம்? கட்டட வரைபடம் போட்டே இருபது வருஷம் காலம் தள்ளிவிட்டு, நாற்பத்தாறு வயதில் கம்ப்யூட்டரில் வீடு கட்டக் கற்றுக்கொண்டு இந்த வீடியோ கேம் கம்பெனிக்கு வந்தவள். அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். தங்கை புது வீடு கட்டிக் கூப்பிட்டபோது, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "மூணாவது படி மட்டும் அரை அங்குலம் அதிகம்" என்றாள். அளந்து பார்த்தார்கள், உண்மைதான். அதற்குப் பிறகு தங்கை கூப்பிடவில்லை. ஆறு வருஷமாகிறது.

கேமில் வருவது நானூறு வருஷத்துக்கு முந்தைய ஜப்பான். அதில் தோட்டத்து மூலையில் இருக்கும் ஒரு தேநீர்க் குடில் இவள் பொறுப்பு. ஐந்து மாதம் உட்கார்ந்து செய்தாள். இரண்டே பாய் விரிக்கும் அளவு அறை. மண்சுவரில் தெரியும் வைக்கோல் துணுக்குகளைக்கூட ஒவ்வொன்றாகப் பதித்தாள். வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு அந்த அறைதான் துணை. மதியச் சாப்பாட்டையும் அந்தத் திரைக்கு முன்னாலேயே முடித்துக்கொள்வாள். யாராவது உள்ளே வந்து அதைப் பார்க்க வேண்டும் என்று வெட்கப்படும் அளவுக்கு ஆசைப்பட்டாள்.

வில்லங்கம் வாசலில் வந்தது. அந்தக் காலத்துத் தேநீர் அறைக்கு வாசல் இரண்டேகால் அடி உயரம்தான். எப்பேர்ப்பட்ட வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து, முழங்காலிட்டுத்தான் நுழைய வேண்டும். கேமின் கதாநாயகனுக்கோ ஓடத் தெரியும், வெட்டத் தெரியும், குனியத் தெரியாது.

"அக்கா, வாசலை ஆறடி ஆக்கிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை," என்றான் குழுத் தலைவன்.

"ஆறடின்னா அது தேநீர் அறை இல்லப்பா, மாட்டுக் கொட்டகை."

"அவனுக்குக் குனியக் கத்துக்கொடுக்க நேரமில்லக்கா. அப்போ கதவை மூடிட வேண்டியதுதான். யாரும் உள்ள போக முடியாது."

"மூடிக்கோ."

இருக்கைக்குத் திரும்பினாள். 'சரி, உயர்த்திடறேன்' என்று போய்ச் சொல்ல எட்டடி தூரம்தான். சாயங்காலம் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

கேம் வெளிவந்த இரண்டாம் வாரம், சனிக்கிழமை காலை, தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, நீ செஞ்ச கேம்னு கேள்விப்பட்டு வாங்கினேன். தோட்டத்துல ஒரு குட்டி வீடு இருக்கே, அது உன் வேலைதானே? அவ்வளவு கச்சிதமா வேற யாரு செய்வா? கால் மணி நேரமா கதவைத் தட்டுறேன், திறக்கவே மாட்டேங்குது."

"திறக்காது. வாசலை உயர்த்தச் சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

"சரிக்கா," என்றாள் தங்கை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"என் கம்ப்யூட்டர்ல உள்ள போய்ப் பார்க்கலாம். நாளைக்கு வர்றியா? காட்டுறேன்."

"நாளைக்கு முடியாதுக்கா."

இந்த இடத்தில் போனை வைத்துவிடுவதுதான் அவள் வழக்கம். யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டறியாதவள்.

"அப்போ, அடுத்த ஞாயிறு?" என்றாள்.

"பார்க்கலாம்க்கா," என்றாள் தங்கை.