பிற்பகல் இரண்டு மணி வெப்பம்

மூன்று வருடம், போய்ப் பார்க்காத வெப்பத்தைப் பார்த்ததாக எழுதினேன். நேரே கேட்டபோது, தினமும் போனேன் என்று சொன்னேன். அந்த ஒரு பதிலால் ஒரு நேர்மையான மனிதர் மோசடிக்காரர் ஆனார்.

முப்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் சின்னக் கிராணி, பதிவும் கணக்கும் எழுதும் குமாஸ்தா. தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு புல்மேடு. அதில் நாலு காலில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். காற்று போய்வர இடைவெளி விட்டுப் பலகை அடித்த பெட்டி. உள்ளே வெப்பமானி. காலை எட்டு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் போய் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

பன்னிரண்டு வருடம் இரண்டு வேளையும் அதைச் செய்தவர் எங்கள் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயா, கோழி இன்னைக்கு முட்டை போட்டிருச்சா?" என்று, பெட்டியைக் கோழிக்கூடாக்கி மற்றவர்கள் கேலி செய்வார்கள். "போட்டது, அவிச்சும் வச்சிருக்கு. போய் வேலையைப் பாரும்" என்பார். முழங்கால் வலி வந்த பிறகு பிற்பகல் நடையை என்னிடம் கொடுத்தார்.

முதல் சில மாதம் ஒழுங்காகப் போனேன். சோறு தின்ற மயக்கம், கொதிக்கும் தண்டவாளம், கண்ணில் விழும் கரித்தூள். ஒரு நாள் போகாமல் எண்பத்தெட்டு டிகிரி பாரன்ஹீட் என்று எழுதினேன். வானம் இடிந்து விழவில்லை. பிறகு வாரத்தில் இரண்டு நாள், நாலு நாள் என்று போகாமல் இருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, என் வியர்வையை வைத்தே எண்ணைப் போட்டேன். இதை நம்பி யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேனா, எதையுமே நினைக்கவில்லையா? இப்போதும் விளங்கவில்லை.

அதை நம்பிய பெரிய கிராணி பக்கத்து மேசையிலேயே இருந்தார். வாசகசாலைப் பத்திரிகைகளில் படித்த ஒரு விஷயம் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிலக்கரி எரிந்தால் கரியமில வாயு வரும். அது வெயில் கீழே வருவதைத் தடுக்காது. ஆனால் சூடான தரையிலிருந்து வெப்பம் மேலே திரும்பும்போது அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"புகை வெயிலை மறைக்குமே ஐயா, அப்ப குளிரத்தானே வேணும்?" என்று கேட்டேன்.

"புகை வேறை, வாயு வேறை தம்பி. புகை மழையோடை விழுந்திடும். வாயு கண்ணுக்கும் தெரியாது, லேசிலை போகவும் போகாது."

ஓய்வு பெறுமுன் தம் பதினைந்து வருடப் பதிவை ஓர் அட்டவணையாக்கி மேலதிகாரிக்கு அனுப்ப விரும்பினார். அதோடு ஒரு வரைபடமும் போட்டார். நடந்த வருடங்களில் காலைக்கு ஒரு கோடு, பிற்பகலுக்கு ஒரு கோடு. வரப்போகும் வருடங்களுக்கு மூன்று கோடுகள்.

"எதுக்கு மூணு?"

"உலகம் எவ்வளவு கரி எரிக்கும் எண்டு எனக்கெப்படித் தெரியும்? குறைச்சு எரிச்சால் இது, இப்ப மாதிரி எரிச்சால் இது, கூட எரிச்சால் மேலை போறது. வாயு என்ன செய்யும் எண்டதைத்தான் சொல்லலாம். மனிசன் என்ன செய்வான் எண்டு ஆர் சொல்லுறது?"

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பிரதி எடுக்கச் சொன்னார். எடுக்கும்போதே கண்டேன். பிற்பகல் கோடு, அந்த நடை என் கைக்கு வந்த வருடத்திலிருந்து மேலே ஏறியிருந்தது. அந்த ஏற்றத்திலிருந்துதான் அவருடைய மூன்று கோடுகளும் கிளம்பின. அது புல்மேட்டின் சூடல்ல, என் தகரக் கூரையின் சூடு. பேனா நின்றது. பிறகு மிச்சத்தையும் எழுதி முடித்தேன்.

பதில் ஒரு மாதத்தில் வந்தது. காலை எண்கள் ஏறாமல் பிற்பகல் எண்கள் மட்டும் ஏறுவானேன், பார்த்தவர் யார் என்று கேட்டிருந்தார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய கிராணி என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நாளாந்தம் போனனீர்தானே?"

"தினமும் போனேன் ஐயா."

அதை அப்படியே எழுதி அனுப்பினார். அடுத்த கடிதத்தில், தம் கொள்கைக்கு ஏற்றபடி எண்களை அவரே திருத்தியிருக்கலாம் என்ற சந்தேகம் மரியாதையான வார்த்தைகளில் இருந்தது. அந்தச் சந்தேகத்தோடுதான் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விருந்தில் அவரோடு பேசியவர்கள் குறைவு.

இரண்டு மாதம் கழித்து, பதிவேட்டை அலுவலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு அவர் வாடகை வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"எந்தெந்த நாள் போகேல்லை?"

எனக்குத் தெரியவில்லை. என் கையெழுத்தில் பொய்யும் உண்மையும் ஒரே மாதிரி இருந்தன. அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மூண்டு நாள் தொடர்ந்து ஒரே எண் இருக்கிற இடமெல்லாம் நீர் போயிருக்கிறீர். இந்த ஊர்ச் சூடு அப்பிடித்தான், நேற்று மாதிரியே இண்டைக்கும் இருக்கும். நீர் படிச்ச ஆள் காணும், ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுத உமக்கு வெக்கமா இருந்திருக்கும்."

அது உண்மை. நம்பும்படி இருக்கட்டும் என்று எண்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தேன். ஆனால் உண்மையாகவே எண் மாறிய நாட்களும் இருந்திருக்குமே! சாயங்காலம் வரை உட்கார்ந்தும் பாதிப் பக்கங்களுக்குக் கேள்விக்குறிதான் போட முடிந்தது.

மறுநாள் மேலதிகாரிக்கு எழுதி ஒப்புக்கொண்டேன். என்னைக் கிள்ளானில் ஒரு பண்டகசாலைக்கு மாற்றினார்கள். என் மூன்று வருடத்தையும், நான் உண்மையில் பார்த்த நாட்களையும் சேர்த்து, நீக்கினார்கள். மிஞ்சிய பன்னிரண்டு வருடம் எதையும் நிரூபிக்கப் போதாது என்று எழுதினார்கள். அவர் மேல் வைத்த சந்தேகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போது பத்திரிகைகள் அதே வாயுவைப் பற்றித்தான் எழுதுகின்றன. கணினியில் போட்டு, இவ்வளவு எரித்தால் இவ்வளவு சூடு என்று பல கோடுகள் வரைகிறார்கள். பழைய பதிவுகளோடு ஒத்துப் பார்க்கிறார்களாம். அப்படியானால் அவர் சொன்னது சரிதானா? சரியென்றால், என் பொய் எண்களும் அதையேதானே சொல்லின? அதற்காக நான் மகிழ வேண்டுமா? அந்த மேட்டின் வெப்பம் அந்த வருடங்களில் ஏறியதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

மேலதிகாரியின் அந்தக் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு அவர் சொந்தக் காசில் ஒரு வெப்பமானி வாங்கி, வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி அடித்து, முதல் நாளிலிருந்து மறுபடியும் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஞாயிறுதோறும் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து, பிற்பகல் வேளையை மட்டுமாவது நான் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். சரி என்றார். தேநீர் கொடுப்பார், ஊர்ப் பேச்சுப் பேசுவார். இரண்டு மணிக்கு நான் பெட்டியைத் திறந்து பார்த்து எண்ணைச் சொல்வேன். அவர் கோலை ஊன்றி எழுந்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தாமும் ஒருமுறை பார்ப்பார். அதன் பிறகுதான் எழுதுவார். யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறும் வரை ஒரு ஞாயிறும் அது மாறவில்லை.