இரத்தம் போன தூரம்

ஆஸ்பத்திரியில் பெண்கள் மருத்துவ விடுதிக்கு நான் டொக்டராக இருந்த காலத்தில், கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஓர் அம்மா வயிற்று வீக்கத்தோடும் களைப்போடும் வந்து சேர்ந்தார். சோதித்துப் பார்த்தபோது இரத்தத்தில் வெள்ளையணுக்கள் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு பெருகியிருந்தன, சிவப்பணுக்கள் குறைந்திருந்தன. இரத்தப் புற்றுநோய்தான், ஆனால் விழுங்கும் குளிசைகளால் அடக்கக்கூடிய வகை.

அவருக்கு வாய் ஓயாது. பக்கத்துக் கட்டில்காரி கத்தரிக்காய் என்ன விலைக்கு வாங்கினாள் என்று விசாரிப்பார். "உன்னை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். கணவர் அதிகம் கதைக்காதவர். பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

வந்த மறுநாள் குளியலறைக்குப் போய்த் திரும்பியபோது அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. எங்கள் பெரிய டொக்டருக்கு உடனே பயம் வந்துவிட்டது. பெருகிய வெள்ளையணுக்கள் நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைத்துவிடலாம். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

மணிக்கட்டு நாடியில் குத்தி இரத்தம் எடுத்தேன். சிறிஞ்சுக்குள் நின்ற காற்றுக் குமிழை வெளியே தள்ளி, முனையை மூடிக் கொடுத்தேன். ஒரு குமிழ் உள்ளே நின்றாலே கணக்குப் பிழைத்துவிடும் என்பதால் அதில் நான் எப்போதும் கவனம். சோதிக்கும் இயந்திரம் அடுத்த கட்டடத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. சிற்றூழியர் எங்களுடையதோடு மற்ற விடுதிகளின் மாதிரிகளையும் சேர்த்துக்கொண்டுதான் அங்கே போவார்.

வந்த முடிவை இரண்டு தரம் வாசித்தேன். அவ்வளவு குறைந்த ஒட்சிசனோடு ஒரு மனுசி எழுந்து உட்காரவே முடியாது. விரலில் மாட்டிய கருவியோ எல்லாம் சரி என்றது. முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்துவிட்டு மறுபடி இரத்தம் அனுப்பினோம். அன்று கடும் மழை. மாதிரி போய்ச்சேர முந்தியதைவிடத் தாமதமாயிற்று. முடிவு முந்தியதைவிடவும் மோசம்.

"விரல் கருவியை நம்பிக்கொண்டு இருக்கேலாது. ஐசியுவுக்கு மாத்துவம். தொண்டைக்குள்ளை குழாய் போட்டு மூச்சு மெஷினிலை விடவேண்டி வரும்" என்றார் பெரிய டொக்டர். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

கணவரிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"காலமை குடுத்த இடியப்பம் காணாது, இன்னும் வேணும் எண்டு சண்டை பிடிச்சவ, டொக்டர்."

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா முகமூடியை ஒரு பக்கம் விலக்கி, பக்கத்துக் கட்டில்காரிக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மூச்சுக்குத் தவிக்கிற ஒருவரின் சிரிப்பில்லை அது.

அப்போதுதான் யோசனை வந்தது. வெள்ளையணுக்கள் உயிருள்ளவை, ஒட்சிசனைச் செலவழிப்பவை. சிறிஞ்சுக்குள் அடைபட்டபிறகும் அவை சும்மா இருக்கப்போவதில்லை. வழக்கமான அளவில் இருந்தால் அதனால் பெரிய வித்தியாசம் வராது. இவருக்கு இருந்ததோ பெரும் கூட்டம். தாமதமாகப் போன இரத்தத்தில் ஒட்சிசன் இன்னும் குறைந்திருந்ததும் இதோடு ஒத்துப்போயிற்று. மாணவியாக இருந்தபோது இப்படி நடக்கலாம் என்று படித்தது மங்கலாக ஞாபகம் வந்தது.

பெரிய டொக்டரிடம் ஓடினேன். "சேர், இரத்தத்தை மெஷினுக்கு அனுப்பாமல், அவவைக் கட்டிலோடை மெஷினடிக்குக் கொண்டுபோய் வைச்சு எடுப்பமா? வழியிலைதான் ஒட்சிசன் குறையுதோ தெரியேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்சம் யோசித்தார். "எப்பிடியும் அங்கைதானே கொண்டுபோறம். நானும் வாறன். ஆனால் குழாய் ஆயத்தமா இருக்கட்டும்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனோம். "எங்கை கொண்டோடுறியள்? என்ரை செருப்பு அங்கை கிடக்கு!" என்று அந்த அம்மா வழி முழுக்கச் சத்தம் போட்டார். எனக்கு அந்தச் சத்தம் தெம்பாக இருந்தது.

இயந்திரத்தை ஒட்டிக் கட்டிலை நிறுத்தி இரத்தம் எடுத்தேன். பெரிய டொக்டர் சிறிஞ்சை என் கையிலிருந்து வாங்கி, திரும்பி நின்று இயந்திரத்துக்குள் செலுத்தினார். இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றோம்.

ஒட்சிசன் தாராளமாக இருந்தது.

"பொறுங்கோ" என்றார். மிச்ச இரத்தத்தை மூடி மேசையில் வைத்து, சிறிது நேரம் விட்டு மறுபடி சோதித்தார். ஒட்சிசன் குறைந்திருந்தது. இன்னும் சற்று வைத்துப் பார்த்தார். இன்னும் குறைந்தது. எல்லாம் ஒரே சிறிஞ்சில் இருந்த இரத்தம். அதற்குச் சொந்தக்காரி எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய டொக்டர் உரக்கச் சிரித்தார். "சிஸ்டர், குழாயைத் திருப்பி வையுங்கோ. தேவையில்லை!" நான் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

வாசலில் நின்ற கணவரிடம் அவரே போய்ச் சொன்னார். "அவவின்ரை இரத்தத்திலை ஒட்சிசன் தேவையான அளவு இருக்கு. சிறிஞ்சுக்குள்ளைதான் அது குறைஞ்சுபோகுது. மூச்சு வாங்கினது இரத்தச்சோகையாலை."

"ஓம்" என்றார் அவர். சேட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி வாங்கக் கன்ரீனுக்கு நடந்தார்.

குளிசைகள் வேலைசெய்தன. வெள்ளையணுக்கள் நாளுக்கு நாள் இறங்கின. வீட்டுக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை விடுதியிலேயே இரத்தம் எடுத்து, வழக்கம்போலச் சிற்றூழியரிடம் கொடுத்து அனுப்பினேன். அது எல்லா விடுதிகளையும் சுற்றி, ஆறுதலாக, பிந்தித்தான் போய்ச்சேர்ந்தது. முடிவில் ஒரு குறையுமில்லை.

அன்று மத்தியானம் எனக்கு அப்படி ஒரு பசி. கன்ரீனில் ரோல்ஸ் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன்.