துளையைச் சுற்றித் தேய்த்த மூலிகைப் பொடி

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு, வயிற்றில் வைத்த துளை வழியாகத்தான் எனக்கு மலம் வெளியேறுகிறது. அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்கிறேன்.

"சோப்பெல்லாம் கெமிக்கல் அண்ணி, இது சுத்தமான மூலிகை" என்று நாத்தனார் குளியல் பொடி கொடுத்தாள். துளையைச் சுற்றித் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் வேங்கிக்கால் போகும் பஸ்ஸில் பை கழன்று, புடவைக்குள் சூடாக வழிந்தது. பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால், தோல் வெந்து உரிந்திருக்க, பச்சைப் பொடி மலத்தோடு குழைந்து ஒட்டிக் கிடந்தது. என் உடம்பைப் பார்த்து நானே வாந்தி எடுத்தேன்.

"பொடி, எண்ணெய் எது இருந்தாலும் பை ஒட்டாதுங்க. கசிஞ்சா தோல் புண்ணாயிடும்" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

இப்போது வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த பிறகே பையை ஒட்டுகிறேன். வெளியே கிளம்பினால் மாற்றுப் பையும் ஒரு புடவையும் கூடவே வருகின்றன.

- பெயர் சொல்ல விரும்பாத வாசகி, கீழ்பென்னாத்தூர்