கிளாம்புக்கு அடியில் சந்தனம்

அரசு வண்டிகளின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேட்டரி முனைகளில் உப்புப் பூக்காமல் காப்பது எப்படி என்று ஓட்டுநர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். முதலில் நெகட்டிவ் பக்கத்தைக் கழற்ற வேண்டும். சோடா உப்பு கரைத்த வெந்நீரால் துலக்கி, ஈரம் போகத் துடைத்து, வயரின் கிளாம்பை முனையில் இறுக்கிய பிறகு மேலே மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும். கிளாம்புக்கும் முனைக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. இதைச் சுற்றறிக்கையாக எழுதியவனும் நானே. யாரும் அதைப் படித்ததில்லை என்று அப்போதெல்லாம் குறைபட்டுக்கொள்வேன்.

ஆயுத பூசை முடிந்து சில வாரங்களில், அதியமான்கோட்டையில் எங்கள் வாசலில் கார் கிளம்ப மறுத்தது. தருமபுரியில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் பாய் பூசைக்குச் சற்று முன்புதான் புது பேட்டரி மாட்டியிருந்தார். அவரைப் போனில் வரச்சொல்லிவிட்டு, பாய் வேலை சுத்தமில்லை என்று தெருவே கேட்கச் சொன்னேன். தன் டிராக்டரைப் பழுது பார்க்க அவரிடமே விடும் எதிர்வீட்டு விவசாயியும் தன் வாசலில் கேட்டுக்கொண்டு நின்றார்.

பாய் வந்து கிளாம்பைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சந்தனமும் குங்குமமும், அதைச் சுற்றிப் பச்சையாகப் பூத்த உப்பும். பூசைக்காகத் துலக்கியவன் நான்தான். பளபளத்த முனைக்கும் ஒரு பொட்டு வைத்து, அதன்மேலேயே கிளாம்பை மாட்டியிருந்தேன். பாய் என்னைப் பார்த்தார். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.

"என்ன பாய், எதுல கோளாறு?" என்றார் விவசாயி.

"லூசா வுட்டுட்டேன் போலங்க. எம்மேலதான் தப்பு."

பாய் துலக்கி, இறுக்கி, ஜெல்லி தடவினார். என் சுற்றறிக்கையில் இருந்த அதே வரிசை. கிளம்பும்போது மெதுவாக, "அடுத்த பூசைக்குப் பொட்ட பேட்டரி மூடிமேல வச்சுக்குங்க சார்" என்றார்.

போன வாரம் விவசாயியின் டிராக்டர் வேறு கடையில் நின்றிருந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போய், சந்தனம் வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"நீங்க படிச்சவங்க, அப்படிச் செய்வீங்களா? பாய்க்காக நீங்க எதுக்குங்க பழிய ஏத்துக்கறீங்க? அவரே ஒத்துக்கிட்டாரே."

மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என் பெருந்தன்மையை மெச்சினார். டிராக்டர் இன்னும் அந்தப் புதுக் கடைக்கே போய்க்கொண்டிருக்கிறது.