பிளக் மாட்டாத மெக்கானிக்

போன வாரம் பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருந்தபோதுதான் செல்லமுத்து அண்ணன் இறந்துவிட்டார் என்று போன் வந்தது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் கடையில் தான் வரைந்த புதுப்படம் மாட்டுவதாகச் சொன்ன மனிதர் இப்படியா திடுதிப்பென்று கிளம்புவது?

மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில் அவரும் நானும் கூட்டாக ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை நடத்தினோம். எலக்ட்ரானிக்ஸ் மாதப் பத்திரிகை ஒன்றில் அவர் கேலிச்சித்திரமும் போட்டுவந்தார். ஒரு படத்தில், ரேடியோ கட்டிய கத்துக்குட்டி கை நிறைய மீந்துபோன பாகங்களோடு, "எவ்வளவு சிக்கனமா முடிச்சுட்டேன் பாருங்க!" என்பான். ரேடியோ புகைந்துகொண்டிருக்கும். அந்தக் கத்துக்குட்டிக்கு என் மூக்கு. கேட்டால், "உங்க மூக்குதானுங்க வரையச் சுளுவு" என்பார்.

ஒருமுறை ஒரு வீட்டில் டி.வி.யைக் கழற்றி, விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்து மூடினோம். ஓடவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். வீட்டுக்கார அம்மா தரையில் கிடந்த பிளக்கை எடுத்து, "ஏனுங்க, இதச் சொருவ வேண்டாமுங்களா?" என்றார்.

அண்ணன் அதை அப்படியே வரைந்து அனுப்பினார். அட்டையிலேயே போடுகிறோம், வசனத்தை மட்டும் "இத எங்கீங்க சொருவறது?" என்று மாற்றுங்கள் என்றது பத்திரிகை. மலைக்காரம்மா முழிப்பதாக இருந்தால்தான் சிரிப்பு வருமாம். அட்டையில் தன் படம் வர வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. ஆனாலும் போனிலேயே சொல்லிவிட்டார்: "முழிச்சது நானுங்க. எங்க சனத்த எதுக்கு முழிக்க வெக்கோணும்? முடியாதுங்க."

அதோடு அவர் படங்களை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு வலித்தது, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆனால் கை ஓயவில்லை. அட்டைப்பெட்டிகளைக் கிழித்து அதில் வரைந்து கடைச் சுவரில் மாட்டினார். ரிப்பேருக்கு வந்த சனமெல்லாம் படத்தைப் பார்த்து, எங்களைப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தது.

நேற்று அதே பத்திரிகையிலிருந்து பேசினார்கள். அஞ்சலிப் பக்கம் போடுகிறார்களாம். அந்த பிளக் படம்தான் வேண்டுமாம், வசனத்தை மாற்றி. உயிரோடு இருந்தவரிடம் நடக்காதது செத்தபின் நடக்கும் என்று நினைப்பு!

"அவர் எழுதினபடியே போடுங்க" என்றேன்.

"அப்படின்னா பக்கமே வராதுங்க."

"வர வேண்டாம்."

போனை வைத்தேன். வருத்தமில்லை. அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். அது என்னிடம் இருக்கும்வரை அந்த அம்மாவை எவனும் முட்டாளாக்க முடியாது.