சாகுல் பாய் தேடிய வெள்ளை அம்பாசடர்

சாகுல் பாய் போய்விட்ட செய்தி எனக்கு டோம்பிவிலி பிளாட்பாரத்தில் வந்தது. வழக்கமான எட்டு மணி லோக்கல் ரயிலுக்காக நின்றிருந்தேன். அவருடைய மச்சான் சீத்தா கேம்பிலிருந்து முதல் வண்டி பிடித்து வந்து, அந்தக் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, "பாய் மவுத்தாயிட்டாரு தேவசகாயம் அண்ணாச்சி. மதியம் லுஹர் தொழுகைக்கு எடுக்காங்க" என்றார். குர்லாவில் வண்டி மாறி, மான்குர்டில் இறங்கி நடந்தோம். அழுகைகூட வரவில்லை எனக்கு, அவ்வளவு அலுப்பு.

மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் எங்கள் பட்டறையைத் தெரியாத டாக்சிக்காரர்கள் குறைவு. பாய்க்கு ஊர் மேலப்பாளையம், எனக்கு நாசரேத். கார்களில் கம்பெனி விளக்கைக் கழற்றிவிட்டுப் பெரிய ஹாலோஜன் மாட்டுவது எங்கள் தொழில். ஒயரிங் அவர் பொறுப்பு. வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று பார்த்துத் திருப்புவது என் பொறுப்பு. வெள்ளி மதியம் அவர் தொழுகைக்குப் போய்விடுவார், ஞாயிறு காலை நான் கோயிலுக்குப் போய்விடுவேன். "ஆண்டவன் ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கூப்பிட மாட்டேங்கானே!" என்று டாக்சிக்காரர்கள் புலம்புவார்கள்.

ஒருமுறை ஒரு சேட் புது பியட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேறெங்கோ விளக்கு மாட்டியிருந்தார்கள். உள்ளே ஸ்விட்ச் உருகிக் கரி நாற்றம் அடித்தது. பாய் பானட்டைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ரிலே போடாம நேரா இழுத்திருக்கான் பாவி. ஸ்விட்ச் சேதி சொல்றவன்வே, அவன் தலையில சுமையை ஏத்தலாமா? சுமக்கதுக்குத்தான் ரிலே இருக்கு." ரிலே வேண்டாம், நேராகவே கொடு என்று அடம்பிடிக்கிறவர்களிடம் அவர் வாதாடமாட்டார். பெரிய பல்பை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, டீ சொல்லி அனுப்பிவைப்பார்.

பட்டறைக்கு எதிரே பழைய கிடங்குச் சுவர் ஒன்று உண்டு. அதில் தார் பெயிண்டால் நான் ஒரு கோடு போட்டிருந்தேன். வண்டியை இருபத்தைந்தடி தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் நிற்கும்படி ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடு என்று எல்லாரும் கேட்பார்கள். "எதிர்ல வாறவனும் வீடு போய்ச் சேரணும்லா" என்பார் பாய். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு மழைக்காலத்துக்கு முன் அவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். தண்ணீர் தேங்காமல் இருக்கட்டும் என்று வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சுவர்வரை கல்லும் சிமெண்டும் கொட்டித் தரையை அரையடி உயர்த்தினேன். திரும்பி வந்த பாய், "ஜோரா இருக்குவே!" என்று தட்டிக்கொடுத்தார். தரை ஏறிவிட்டது, சுவரில் இருந்த கோடு ஏறவில்லை. அதனால் எங்களிடமிருந்து போன வண்டிகளின் வெளிச்சம் தூரம் போகாமல் கிட்டத்திலேயே தரையில் விழுந்தது. பம்பாய்க்குள் தெருவிளக்கு உண்டு, யாருக்கும் தெரியாது. பன்வேலைத் தாண்டி இருட்டு ரோட்டில் போனால்தான் தெரியும்.

எங்களிடமிருந்து அப்படி ஒன்பது வண்டிகள் போயின. ஒன்பதாவது, செம்பூரிலிருந்து வந்த ஒரு வெள்ளை அம்பாசடர். பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். பன்வேலுக்கும் அப்பால் இருக்கும் லோனாவாலாவுக்குப் போகிறோம் என்று துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் தாராவி முருகையா கட்டுப்போட்ட காலோடு வந்து நின்றான். பன்வேலுக்கு அப்பால் மாட்டுவண்டி ஒன்று கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் பட்டிருக்கிறது. ஒடித்துத் திருப்பியதில் டாக்சி பள்ளத்தில் இறங்கிவிட்டது. "லைட்டா பாய் இது? பம்பருக்கு முன்னாலேயே விழுது. ரோடே தெரியல, காலிபீலி, அநியாயமா என் காலு போச்சு!" என்று கத்தினான். பாய் ஒரு மூங்கில் கம்பை எடுத்துவந்து தரையிலிருந்து கோட்டை அளந்தார். பிறகு குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"தரையை ஏத்தும்போது கோட்டைப் பாக்கலியாவே?"

"மறந்துட்டேன் பாய்."

அவர் முருகையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு எங்க ரெண்டு பேரோடதும்தான்" என்றார்.

அன்றிலிருந்து பட்டறையைச் சாத்திவிட்டு வண்டிகளைத் தேடினோம். சயான், செம்பூர், மாட்டுங்கா என்று ஸ்டாண்டு ஸ்டாண்டாகக் கம்பைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தோம். கால் வீங்கியது. முருகையாவுடையது போக ஏழு வண்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் விளக்கு உயரத்தையும் தரையிலிருந்து அளந்து, கிடைத்த சுவரில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்துச் சரிசெய்தார். அம்பாசடர் மட்டும் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அவரோடு ரோட்டில் நடப்பதே பெரிய தொல்லை. வெள்ளை அம்பாசடர் எது போனாலும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு விளக்கைக் குனிந்து பார்ப்பார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மதினி, பாயின் மனைவி, திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்கள். "ஆஸ்பத்திரியில கடைசியா உங்களப் பத்தித்தான் அண்ணாச்சி சொன்னாவ. 'அம்பாசடர் கிடைச்சுதான்னு தேவசகாயத்துக்கிட்ட கேளு. மறந்துபோச்சேன்னு பாவம், அவரு மனசுக்குள்ளேயே கிடந்து மருகுதாரு' அப்படின்னாவ."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பாயைத் தெரிந்தவர்களே, நான் மறக்கவில்லை. சிமெண்டு காய்ந்த நாலாம் நாளே எனக்குத் தெரியும். முழங்காலுக்கு மேலே இருந்த கோடு முழங்காலுக்குக் கீழே வந்திருந்ததைப் பார்த்தேன். அப்போது இரண்டு வண்டிகள்தான் போயிருந்தன. சொன்னால் அந்த இரண்டையும் திரும்ப வரவழைக்க வேண்டும், கோட்டை அழித்து மறுபடி மேலே போட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று சோம்பலில் விட்டேன். மூன்றாவதாகப் போனது முருகையாவின் டாக்சி.

இதை அவரிடம் சொல்ல எனக்கு ஐந்து வருஷம் இருந்தது.

அந்த மூங்கில் கம்பைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். லோக்கலில் எல்லாரும் முறைத்தார்கள். செம்பூர்ப் பக்கம், அந்த மழைக்கு முன் எங்களிடம் விளக்கு மாட்டிய வெள்ளை அம்பாசடரை யாராவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.