ஜன்னலில் ஒட்டிய காகிதம்

1. திங்கட்கிழமை, ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ தொழிற்சாலையின் தையல் பிரிவில், ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள்.
2. ஒட்டச் சொன்னவர் மேலாளர். அவர் காட்டிய காரணம் என் அறிக்கை.
3. வியாழக்கிழமை, இடது காலும் வலது காலும் நிறம் சேராத ஜோடிகள் பரிசோதனை மேசையில் குவிந்தன.
4. வெள்ளிக்கிழமை, பதினாறு வருடமாகத் தைக்கும் ஓர் அக்காவிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். தராவிட்டால் மெஷினை விட்டு எழுந்துவிட வேண்டும்.

இரண்டாவது வரியை எழுதும்போது கை கூசுகிறது. நான் பொறியாளர். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் அளப்பது என் பொறுப்பு. தைக்கும் பெண்கள் அவ்வப்போது இரண்டு தோல் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வருவதைப் பார்த்தேன். "வீண் நடை" என்று குறித்தேன். ஏன் போகிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். டியூப்லைட்டில் பழுப்பு எல்லாம் ஒரே பழுப்பு. பகல் வெளிச்சத்தில்தான் ஒன்றில் சிவப்புச் சாயலும் இன்னொன்றில் மஞ்சள் சாயலும் தெரியும். சேராத துண்டை மாற்றிக்கொண்டு வந்து தைப்பார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அதற்காகக் கூலியும் கூட்டித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் எல்லார் முன்னாலும் அந்த அக்காவிடம் கேட்டார்: "இன்னாம்மா, வேடிக்கை பாக்க ஜன்னல் இல்லன்னு பழி வாங்கறியா?"

"திங்கக்கிழமையே சொன்னேனே சார், கலர் தெரியாதுன்னு. நீங்கதான் போய் உக்காரு, வாய் ஜாஸ்தின்னீங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க கண்ணுலயும் காகிதம் ஒட்டிடுங்க சார். புரொடக்சன் இன்னும் ஜாஸ்தி ஆவும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுத ஒரு வெள்ளைத் தாளை அக்காவின் மெஷின்மேல் வைத்தார். அக்கா அதை இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மெஷின் காலுக்கு அடியில் செருகினார்.

பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க படிச்சவங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

எனக்கு வந்த கோபத்தில் பாதி மேலாளர்மேல், மீதி என்மேல். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஜோடிகளைப் பிரித்து மறுபடி தைக்க ஆன நேரத்தில், இவர்கள் எத்தனையோ மாதம் ஜன்னலுக்கு நடந்திருக்கலாம். நம்பாமல் இருப்பதற்கு ஆகும் நேரத்தை அளந்து பார்க்க எங்கள் கல்லூரியில் யாரும் ஸ்டாப்வாட்ச் தரவில்லை.

சனிக்கிழமை காலை, என் அறிக்கை தவறு, காகிதத்தைக் கிழிக்க வேண்டும், அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது நாம்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டு மேலாளரிடம் கொடுத்தேன். "நீ யார் பக்கம்மா?" என்றார்.

இன்றுவரை காகிதம் ஜன்னலில் இருக்கிறது. அக்கா கடிதம் எழுதவில்லை. அவரை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.